ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு மணி நேரம்

பாப்பாவுக்கும் தம்பிக்கும் அப்பா எழுதுவது.

பொங்கல் கழிந்த வாரம் அத்தை நம்ம வீட்டுக்கு வந்திருந்தபோது, பாப்பா, நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் உன்னை முறைத்தேன். அதற்கப்புறம் ரெண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "உண்மையச் சொல்ல வந்தா எதுக்குப்பா மொறைக்கிறீங்க?" என்று கேட்டாய். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன் என்று பட்டது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்த வயர்மேன். லோடு எவ்வளவு, ஒயர் எத்தனை மீட்டர் என்று எழுதித்தான் பழக்கம். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நம்ம வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் யார் கொடுத்தது என்று உங்களுக்குத் தெரியும். அத்தை வீட்டுக்காரரான அந்த மாமாவின் பெயரை இதில் எழுதப் போவதில்லை. இந்தத் தாள் யார் கைக்காவது போய், சுற்றிச் சுற்றி அத்தை கண்ணில் பட்டுவிடக் கூடாது. இலுப்பூர் அப்படியொன்றும் பெரிய ஊர் இல்லை.

பெட்டி வந்த முதல் வாரமே தம்பி சிரித்தான். மாமா வாங்கிப் போட்டிருந்த கேம்கள் எல்லாம் வரிசையாக நின்றன. இருநூறுக்கு மேல் இருக்கும் என்றான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் ஆடிய நேரம் போட்டிருந்தது. ஒன்பது நிமிடம், பன்னிரண்டு நிமிடம், நாலு நிமிடம். பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. "யாருப்பா இவரு, பந்தியில ஒக்காந்து எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டுக் கையக் கழுவுனவரு மாதிரி?" என்று கேட்டான். ஒரே ஒரு கேமில் மட்டும் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு மணி நேரம் என்று காட்டியது. அதையும் பாப்பாதான் திறந்து பார்த்து, கதையில் அவர் ரெண்டு சதவீதம்தான் தாண்டியிருக்கிறார் என்று கண்டுபிடித்தாள். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆடி ரெண்டு சதவீதமா என்று ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அன்றைக்கு நான் உங்களை ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாமாவிடம் "இருக்கட்டும்" என்று ஒரு சொல் உண்டு. எதை எடுத்தாலும் அதைச் சொல்லுவார். நாங்கள் ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் ஒரு ஃப்ரிட்ஜ், ஏ.சி. சர்வீஸ் கடையில் வேலை பார்த்தோம். அவருக்கு என்னைவிட மூன்று வயது கூட. நான் மச்சான் என்பேன், அவர் மாப்ள என்பார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், அவர் ஆத்தா வைத்துவிட்ட ஆம்லெட்டை எடுத்து மூடியில் தனியாக வைப்பார். எல்லாம் தின்றபிறகு கடைசியாகத் தின்பதற்கு. நான் பாதியிலேயே அதை எடுத்துத் தின்றுவிடுவேன். தினமும் இதுதான். ஒருநாளாவது முதலில் தின்று தொலைக்கக் கூடாதா என்று நானே கேட்டிருக்கிறேன். "மொதல்லயே தின்னுட்டா அப்புறம் சோறு எதுக்கு எறங்கும்?" என்பார். தீபாவளிச் சட்டையைத் தீபாவளிக்குப் போட மாட்டார். நல்ல நாளைக்கு இருக்கட்டும் என்று பீரோவில் வைப்பார். மடிப்பெல்லாம் பழுத்துப்போன பிறகு எடுத்து வேலைக்குப் போட்டு வருவார்.

அப்போது எங்களுக்கு அஞ்சரைக்கு வேலை முடியும். இலுப்பூர் பஸ் ஏழு பத்துக்கு. நடுவில் இருக்கிற நேரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருந்த ஒரு இன்டர்நெட் சென்டருக்குப் போவோம். பிளைவுட் தட்டி வைத்துப் பிரித்த சின்னச் சின்ன அறை. ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு நாற்காலி போட்டுக்கொள்வோம். கீபோர்டில் இந்தப் பக்கத்துப் பட்டன்கள் அவருக்கு, அந்தப் பக்கத்துப் பட்டன்கள் எனக்கு. திரையை ரெண்டாகப் பிரித்து மேலே அவர் கார், கீழே என் கார் ஓடும்.

அவர் கார் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். திரையில் வளைவு வந்தால் இவரும் நாற்காலியோடு சாய்வார். இடது பக்கம் வளைந்தால் என் மேலேயே வந்து விழுவார். மேடு ஏறி இறங்கும்போது உட்கார்ந்த இடத்தில் ஒரு எக்கு எக்குவார். கார் சுவரில் மோதினால் அவர் முழங்காலும் மேஜையில் மோதும். சென்டர்க்காரர் எட்டிப் பார்த்து, "தம்பி, நெசமா பஸ்ஸு ஓட்டுறவனே இப்படிச் சாயமாட்டான்யா. நாற்காலி ஒடைஞ்சா நீதான் பொறுப்பு" என்பார். நான் அநேகமாகத் தோற்பேன். தோற்றால் கூடச் சந்தோஷமாக இருக்கும். அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே அப்படி ஒரு இது.

அந்த கேமில் மொத்தம் பன்னிரண்டு ரோடு. ஒன்றில் ஜெயித்தால் அடுத்தது திறக்கும். பதினொன்றையும் முடித்துவிட்டோம். பன்னிரண்டாவது திறந்து நின்றது. கடற்கரை ஓரமாகப் போகிற ரோடு, படம் மட்டும் தெரிந்தது. வாங்க மச்சான் ஓட்டிப் பார்ப்போம் என்றேன். "அது இருக்கட்டும் மாப்ள. அதையும் ஓட்டிட்டா நாளைக்கு என்னத்துக்கு இங்கிட்டு வர்றது?" என்றார். மறுபடி முதல் ரோட்டிலிருந்தே ஓட்டினோம். ஒரு நாள் போனால் சென்டரில் பூட்டுத் தொங்கியது. கம்ப்யூட்டரையெல்லாம் விற்றுவிட்டார்கள் என்றார்கள். அந்த ரோடு எங்கே போகிறது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

கொஞ்ச நாளில் அவர் குவைத்துக்குப் போனார். ஏ.சி. காற்றுக் குழாய் மாட்டுகிற வேலை. ஒரு அறையில் எட்டுப் பேர், மேலும் கீழுமாகக் கட்டில். கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ள இடம் கிடையாது. வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு, வேறு யாரோ கேம் ஆடுகிற வீடியோவைப் போனில் பார்ப்பார். பார்த்து முடித்ததும் எனக்குப் போன் வரும். எந்த கேமில் எத்தனை ஊர் இருக்கிறது, மழை பெய்தால் ரோட்டில் எப்படித் தண்ணீர் நிற்கிறது, குதிரையின் ரோமம் எப்படிக் காற்றில் அசைகிறது என்று ஒரு மணி நேரம் சொல்லுவார். நான் ஏணி மேல் நின்றுகொண்டு தோளில் போனை இடுக்கியபடி கேட்பேன். வீடியோவிலும் முடிவு வருகிறதுக்கு முன்னால் நிறுத்திவிடுவாராம். முடிவை நானே ஆடிப் பார்த்துக்கொள்கிறேன் என்பார். எந்த கேமை எதற்கு அப்புறம் ஆடுவது என்று ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

மூணாவது லீவில் வந்தபோது திருச்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். அதற்குள் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. வீட்டில் தெருப்பக்கத்து அறையை அதற்கென்று ஒதுக்கினார்கள். வயரிங் நான்தான் செய்தேன். தனி எர்த்து, தனி ஃப்யூஸ், இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன். ஒரு ஆஸ்பத்திரி அறைக்குக் கூட நான் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

ஆனால் லீவு என்றால் அறுபது நாள். அதில் முதல் பத்து நாள் பார்க்க வருகிறவர்கள். அப்புறம் பத்திரிகை. கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபுகுதல். வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. மொய்யை விட முகத்தைத்தான் தேடுவார்கள். இதற்கு நடுவில் பெட்டியைத் திறந்தால், ரெண்டு வருஷம் மூடிக் கிடந்ததற்குச் சேர்த்து ஒவ்வொரு கேமும் அப்டேட் கேட்கும். அப்போது நம்ம ஊர் நெட்டு இருந்த இருப்புக்கு ஒன்று இறங்க மூணு நாள். இறங்கி முடிகிற அன்றைக்குக் கந்தர்வகோட்டையில் யாராவது செத்துப்போய்விடுவார்கள். "இருக்கட்டும் மாப்ள, அடுத்த லீவுல ஆடிக்கலாம்" என்று மவுஸைத் துடைத்து, டப்பாவில் போட்டு மூடுவார். ஒன்பது நிமிடம், பன்னிரண்டு நிமிடம் என்று நீங்கள் பார்த்தீர்களே, அதெல்லாம் அந்த லீவுகளில் சரியாக ஓடுகிறதா என்று திறந்து பார்த்தது. ஓடும். உடனே மூடிவிடுவார்.

அத்தைக்குக் கம்ப்யூட்டர் என்றால் ஒன்றும் தெரியாது. ஆனால் அதை அத்தை பார்த்துக்கொண்டது போல யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. பழைய சேலையைக் கிழித்து மானிட்டருக்கும் பெட்டிக்கும் உறை தைத்தாள். ஓட்டாமல் வைத்திருந்தால் கெட்டுப்போகும் என்று மாமா சொன்னதால், வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் விளக்கேற்றிய கையோடு இதையும் போட்டுவிடுவாள். அரை மணி நேரம் ஓட விடுவாள். குவைத்துக்குப் போன் போட்டு, போனைப் பெட்டியின் ஃபேனுக்குப் பக்கத்தில் பிடிப்பாள். "ஃபேன் சத்தம் கேக்குதாங்க?" என்பாள். அவர் அந்தப் பக்கம் கேட்டுவிட்டுக் கேக்குது என்பார். அதற்கப்புறம்தான் வீட்டு விஷயம். ஆயுதபூஜைக்கு என் டூல்ஸ் பெட்டிக்குப் பொட்டு வைக்கிற மாதிரி அவளும் அந்தப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, படம் எடுத்து அனுப்புவாள். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு கறை இருக்கிறதே, பெயிண்ட் என்று தம்பி சுரண்டினானே, அது அந்தக் குங்குமம்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அது உங்களுக்குத் தெரியும். ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் மாமாவின் பெரியப்பா ஒருவர், நாலு பேர் கேட்கிற மாதிரி, "புள்ள இல்லாத வீட்ல கெழவன் துள்ளி வெளாண்டானாம். நம்ம பயலுக்குக் கம்ப்யூட்டரு வாங்கி வச்சிருக்காக" என்றார். மாமா அப்போது குவைத்தில். அத்தை சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். "ஆமா மாமா, எங்க வீட்ல கெழவன்தான் துள்ளப் போறாரு. ஒங்க வீட்ல நாலு புள்ளைக இருந்தும் ஒருத்தரு சிரிச்சு நான் பாத்ததில்ல" என்றாள். அதோடு அந்தப் பங்காளி வீட்டுப் போக்குவரத்து நின்றது. அதற்கப்புறம் யார் கேலி பேசினாலும் அவளுக்குப் பொறுக்காது. "அவரு பீடி குடிக்கிறாரா, சீட்டு ஆடுறாரா? வெயில்ல கெடந்து தேயிறாரு. திரும்பி வந்து ஒரு மனுசன் தன் ஆசைக்கு வெளாடக் கூடாதா?" என்பாள். இப்படிப் பேசிப் பேசியே பாதி உறவைப் பகைத்துக்கொண்டாள்.

பதினேழு வருஷம் கழித்து மாமா மொத்தமாக ஊருக்கு வந்தார். நாற்பத்து மூன்று வயது. பழைய பெட்டிக்குள் இருந்த சாமான்களையெல்லாம் மாற்றிப் புதுசு போட்டார். ஃபைபர் நெட் வந்துவிட்டது. பத்திரிகை வந்தால் அத்தை மட்டும் தனியாகப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தாள். அவர் வரலியா என்று கேட்டால், அவர் வேலையா இருக்காரு என்பாள். அறைக்கு ஒரு திரை தைத்துப் போட்டாள். தெருவில் பிள்ளைகள் சத்தம் போட்டால் போய் அதட்டிவிட்டு வருவாள். கேமிலிருந்து வருகிற இசை வீடு முழுக்கக் கேட்கும். அத்தை அதைக் கேட்டுக்கொண்டே அடுப்படியில் மெதுவாக நடப்பாள், பாத்திரம் சத்தம் வராமல்.

நானும் சந்தோஷப்பட்டேன். வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "மச்சான் இப்பத்தான்யா வாழுறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அஞ்சாறு மாசம் இருக்கும். இன்வெர்ட்டர் கத்துகிறது என்று அத்தை கூப்பிட்டாள். காலையில் பத்து மணி. நான் போனபோது வாசலிலேயே நிறுத்தி, "அவரு வெளாண்டுக்கிட்டு இருக்காருண்ணே. கொஞ்சம் சத்தமில்லாமப் போங்க" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரையை விலக்கினேன்.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு மலை. ஒரு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். புல்லாங்குழல் மாதிரி ஒரு இசை. பக்கத்தில் 'தொடர்க' என்பதற்கு இங்கிலீஷ் வார்த்தை மின்னிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். கேமை ஆரம்பிக்க வேண்டிய இடம் அது. ஆரம்பிக்கவில்லை. மாமா நாற்காலியில் இல்லை. கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு துணி விரித்து, பெட்டியிலிருந்து கழற்றிய சின்னச் சின்ன ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, அளவு வாரியாக மாத்திரை டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாய் மேல் விரலை வைத்தார்.

நான் கிசுகிசுப்பாக என்ன மச்சான் இது என்று கேட்டேன். பக்கத்தில் உட்காரச் சொன்னார். வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டதாம். நோட்டில் ஒன்று என்று எழுதியிருந்த கேமைப் போட்டாராம். அரை மணி நேரம் ஆடினாராம். எல்லாம் வீடியோவில் பார்த்த மாதிரியே இருந்ததாம். மழை பெய்தது, ரோட்டில் தண்ணீர் நின்றது. "அதுக்கு என்னங்கிற மாதிரி இருந்துச்சு மாப்ள" என்றார். சரி, களைப்பு போல, நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டிருக்கிறார். நாளைக்கும் அதேதான். ரெண்டு, மூணு, நாலு என்று நோட்டில் இருந்த வரிசையில் போட்டுப் பார்த்திருக்கிறார். எதிலும் பத்து நிமிஷத்துக்கு மேல் கை நிற்கவில்லை.

அப்படியானால் அணைத்துவிட்டு வெளியே வர வேண்டியதுதானே, வேறு ஏதாவது பார்க்க வேண்டியதுதானே என்றேன். அவர் வாசல் திரைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அடுப்படியில் அத்தை ஏதோ அரிந்துகொண்டிருக்கிற சத்தம்.

"அவ ஊரையே பகைச்சுக்கிட்டு இந்த ரூம எனக்குப் பிடிச்சு வச்சிருக்கா. பத்துப் பதினோரு வருசமா வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை இத அடைகாத்திருக்கா. அவகிட்டப் போயி எனக்கு வெளாடப் பிடிக்கலன்னு எந்த வாயால சொல்றது?"

அதனால் தினமும் காலையில் பலகாரம் சாப்பிட்டதும் உள்ளே வந்து அந்த இசையைப் போட்டுவிடுவார். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். மற்ற கேமில் எல்லாம் சும்மா விட்டால் சத்தம் நின்றுவிடுமாம். இதில் மட்டும்தான் முதல் பக்கத்திலேயே இசை நிற்காமல் ஓடுமாம். சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது அத்தை, இன்னைக்கு என்னங்க ஆச்சு, ஜெயிச்சீங்களா என்று கேட்பாளாம். இவர் ஏதாவது ஒரு கதை சொல்லுவாராம். பாலத்தைத் தாண்டிவிட்டேன், ஒரு கோட்டை வந்தது என்று. அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாளாம்.

பிள்ளைகளே, அந்த ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு மணி நேரம் இதுதான்.

நான் அப்போது சும்மா விடவில்லை. எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. தேடிப் பிடித்து அந்தக் கார் கேமையே ஒரு நாள் இறக்கிப் போட்டேன். ரெண்டு நாற்காலி போட்டேன். ஒரே கீபோர்டு. வாங்க மச்சான், ஒரு ரவுண்டு என்று வம்பு பண்ணி உட்கார வைத்தேன். திரை ரெண்டாகப் பிரிந்தது. கார் கிளம்பியது. முதல் வளைவு வந்தபோது என் உடம்பு தானாகச் சாய்ந்தது. சாய்ந்த பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். அவர் நேராக உட்கார்ந்திருந்தார். வளைவு வந்தது, மேடு வந்தது, சுவரில் மோதியது. பஸ்சுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார். நான் ஜெயித்தேன். அவரிடம் நான் ஜெயித்தது எத்தனையோ வருஷம் கழித்து அன்றைக்குத்தான். அடுத்த ரவுண்டும் ஜெயித்தேன்.

"ஒனக்கு இன்னம் பிடிக்குதா மாப்ள?" என்று கேட்டார்.

பிடிக்குது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே என் மனசு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் போர் மோட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தேன். அதில் காயில் எரிந்திருக்குமா, பேரிங்தான் போயிருக்குமா என்று ஓடிக்கொண்டிருந்தது. இல்ல மச்சான், எனக்கும் பிடிக்கல என்றேன். யோசித்துப் பார்த்தால் எனக்கு அது போய்ப் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் ஆகியிருக்கும். எப்போது போனது என்று கூடத் தெரியாது. பாப்பா பிறந்தாள், தம்பி பிறந்தான், வேலை வந்தது, அது எந்தப் பக்கமாகவோ இறங்கிப் போய்விட்டது. நான் தேடவும் இல்லை. அவர் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அவருக்கும் போய்விட்டது. யார் செய்தது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

"நல்ல பசி இருந்துச்சு மாப்ள. சோத்தத்தான எடுத்து வச்சேன், பசி எங்க போகப் போவுதுன்னு இருந்துட்டேன்" என்றார். அப்புறம் பழையபடி 'இருக்கட்டும்' என்று சொல்ல வந்தவர் மாதிரி வாயைத் திறந்தார். சொல்லவில்லை.

மீதி நாலைந்து மாசமும் அப்படித்தான் போனது. அத்தை திரையைத் துவைத்துத் துவைத்துப் போட்டாள். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். அந்தப் புல்லாங்குழல் தெருமுனையிலேயே கேட்கும். கேட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

ஒரு நாள் கம்பெனியில் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று மாமா சொன்னார். கூப்பிடவில்லை, இவர்தான் எழுதிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அத்தை அழுதாள். வந்து ஒரு வருசம் கூட ஆகல, இன்னும் எத்தனையோ கேம் ஆடாமக் கெடக்குதேன்னு சொல்லுங்கண்ணே என்று என்னைச் சிபாரிசுக்குக் கூப்பிட்டாள். நான் என்ன சொல்ல முடியும்? பஸ் ஸ்டாண்டில் துணிப்பெட்டியை ஏற்றிவிடும்போது எதுக்கு மச்சான் என்று மட்டும் கேட்டேன். "அங்க மேல் கட்டில்ல படுத்தா ஆசையாவது வரும் மாப்ள. வந்தா ஓடியாந்துருவேன்" என்றார். பஸ் கிளம்பியது. முக்கில் திரும்பும்போது ஜன்னல் வழியாக அவர் தலை தெரிந்தது. நேராகத்தான் இருந்தது.

நான் வெள்ளிக்கிழமைகளில் போனை எதிர்பார்ப்பேன். முன்னே மாதிரி குதிரை, மழை என்று ஏதாவது சொல்ல மாட்டாரா என்று. உடம்பு எப்படி, மழை உண்டா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்றுதான் கேட்பார். அஞ்சாறு மாசம் கழித்து ஒரு தடவை நானே கேட்டுவிட்டேன். வீடியோ பார்க்கிறீர்களா என்று. "வரல மாப்ள" என்றார்.

அடுத்த வாரம் அந்தப் பெட்டியை உங்களுக்குக் கொடுத்துவிடச் சொல்லி அத்தையிடம் சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, வெளாண்டது போதும் என்றாராம். அத்தை உறையோடு கட்டி, ஆட்டோவில் ஏற்றி, தானே கூட வந்து இறக்கிவிட்டுப் போனாள். நம்ம வீட்டுப் படியில் அவள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. அவர் ஆடினாரா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

பொங்கல் கழித்து வந்தபோது அதைக் கேட்கத்தான் வந்தாள். பாப்பா, நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய். அத்தை உன் பின்னால் நின்று, "மாமா வெளாண்டது இதுல தெரியுமா பாப்பா?" என்றாள். நீ நல்ல மனசோடு அந்த வரிசையைத் திறந்து காட்டினாய். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். ஒன்பது, பன்னிரண்டு, நாலு என்று விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் அந்த எண் வந்தது. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு.

"இது என்ன, நிமிசமா?" என்றாள்.

மணி நேரம் அத்தை என்றாய் நீ.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணை நீ பார்க்கவில்லை பாப்பா, நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அம்புட்டு நேரமா? அப்ப அவரு நல்லாத்தான் வெளாண்டிருக்காரு, இல்லண்ணே?" என்று கேட்டாள். அப்போதுதான் நீ, ஆனா ரெண்டு சதவீதம்தான் என்று சொல்ல வாயெடுத்தாய். நான் முறைத்தேன்.

"ஆமா தங்கச்சி. நல்லா வெளாண்டாரு" என்றேன்.

உங்களைப் பொய் சொல்லாதீர்கள் என்று வளர்க்கிறவன் நான். அன்றைக்கு நான் செய்தது சரி என்று எழுத வரவில்லை. இதிலிருந்து உங்களுக்கு என்ன புத்தி சொல்வது என்றும் தெரியவில்லை. ஆசையை உடனே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் படிப்பை விட்டுவிடுவீர்கள். தள்ளி வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். வேறு எதை வேண்டுமானாலும் அழியுங்கள், அந்த ஒரு கேமை அழிக்காதீர்கள். அத்தை மறுபடி வந்து பார்ப்பாள்.

மீதி உங்களுக்கே தெரியும். அத்தை அங்கேயே நின்றபடி குவைத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். "ஏங்க, ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு மணி நேரமாம்ல? நானே எண்ணுனேன். வெளாண்டது போதும்னு சொன்னீங்களே, போதாம என்ன, சரியான ஆளுதான் நீங்க" என்று சிரித்தாள். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று அத்தை போனை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் உன்னிடம் கொடுத்து, "அந்த ஃபேனுக்கிட்டக் கொஞ்சம் பிடி பாப்பா, அவரு கேக்கட்டும்" என்றாள்.

நீ குனிந்து அந்தக் குங்குமக் கறைக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தாய். கை வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தாய்.

"கேக்குது" என்றார் மாமா.